வானிலைப் பக்கத்தில் ஒரு குதிரை

மனக்கண்ணரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே மாடிப்படி நிறைந்துவிடும். கீழே சலவைக்கடை. மேலே பழைய போட்டோ ஸ்டூடியோ. ஒரு காலத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்று சொன்ன அறையில் இப்போது "கொஞ்சம் நம்புங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மனக்கண்ணர் கைரேகை பார்ப்பதில்லை, கட்டம் போடுவதில்லை. அதெல்லாம் பழசு. அவர் ஃபோன் பார்ப்பார்.

"நாள் பூரா உங்க விரல் எதைத் தடவுது? ஃபோனை. அப்ப உங்க மனசு எங்க ஒட்டியிருக்கும்?" என்று கேட்பார். கூட்டம் அவசரமாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

அவர் முறை இதுதான். ஃபோனைத் திறந்து கொடுக்க வேண்டும். வழக்கமான பிரவுசரில் இன்றைய வானிலைப் பக்கம் இருக்க வேண்டும். காற்றும் மழையும் வெயிலும் அங்கே இருப்பதால் பிரபஞ்சத்தின் வாசல் அதுதானாம். புது ஃபோன் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். "இதுல இன்னும் ஆத்மா ஊறல. ஒரு மாசம் புழங்கிட்டு வாங்க." பிறகு, ஸ்டூடியோக்காரர் விட்டுப்போன கறுப்புத் துணிக்குள் ஃபோனோடு தலையை நுழைத்துக்கொண்டு முனகுவார். தலை வெளியே வரும்போது உண்மையும் கூடவே வரும்.

சலவைக்கடைக்காரம்மாவிடம், "உங்க வீட்ல ஒருத்தர் முடியை நினைச்சு உருகுறார்" என்றார். அந்த அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அவள் கணவர் வீட்டுக்குள்ளும் தொப்பி போடுகிறவர். அவர் அவளுடைய ஃபோனில்தான் விக் தேடுகிறவர் என்பது அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து, இஸ்திரி போட்ட ஒவ்வொரு சட்டையோடும் ஓர் அற்புதத்தையும் மடித்துக் கொடுத்தாள்.

அப்படி மடித்துக் கொடுத்த ஒன்று, பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியது.

மணப்பெண் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிப்பவள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கடை இருந்த கட்டடத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவன், தேவையே இல்லாமல் மூன்று முறை கண் பரிசோதனை செய்துகொண்டான். மூன்று முறையும் பார்வை பளிச்சென்று இருந்தது. நான்காவது முறை அவளே கேட்டாள்.

"உங்களுக்கு அப்படி என்னதான் தெரியல?"

"உங்க ஃபோன் நம்பர்."

அவள் அம்மாவும் சம்மதித்தாள். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். நாள் குறித்தார்கள். அப்போதுதான் சலவைக்கடைக்காரம்மா, "எதுக்கும் மாப்பிள்ளை மனசை ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்றாள்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டேதான் ஃபோனை நீட்டினான். துணிக்குள் முனகல். தலை வெளியே வந்தது.

"தொட்டில். பால் புட்டி. குழந்தைக்குக் குல்லா. இந்தப் பையன் மனசுல ஏற்கெனவே ஒரு குடும்பம் நடக்குது."

மெக்கானிக்கின் முகம் வெளிறியது. ஃபோனைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அம்மாவுக்கு அதுவே போதும்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

மறுநாள் மதியம் அவன் கடைக்கு வந்தான். கண் பரிசோதனை நாற்காலியிலேயே உட்கார்ந்தான்.

"அக்காவுக்குக் குழந்தை பிறக்கப்போகுது. ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு. இந்தத் தடவை அஞ்சு மாசம் முடியற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. உன்கிட்டச் சொல்றதே தப்பு. நான் ஆசையில தொட்டில் தேடினேன். அது அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் அவன் ஃபோனை வாங்கி வானிலைப் பக்கத்தைத் திறந்தாள். வெயிலுக்குக் கீழே ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. 'விலை குறைப்பு, இன்றே வாங்குங்கள்.' அதற்குக் கீழே பால் புட்டி. ஓரத்தில் குல்லா.

சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை.

"என்ன?"

"இதே பக்கத்தை என் ஃபோன்ல பாரு."

அவள் ஃபோனில் வெயில் மட்டும் இருந்தது. ஒருமுறை மூட்டுவலித் தைலம் தேடியதற்கு ஆறு மாதம் தைலம் அவளைத் துரத்தியிருக்கிறது. வெறுத்துப்போய் வேறொரு பிரவுசருக்கு மாறினாள். அதில் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் கருவிகளைச் சேர்க்கலாம். அவள் சேர்த்தது, விளம்பரத்தையும், நாம் எங்கே போகிறோம் என்று பின்னாலேயே வந்து குறித்துக்கொள்ளும் ஒற்றர்களையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

"இதை அம்மாகிட்ட விளக்கிச் சொல்லலாமே" என்றான்.

"கேட்க மாட்டா."

ஓட்டுநர் உரிமத்துக்காக, கண் பரிசோதனை எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களிடம் அவள் வாதாடுவதில்லை. அட்டையை மாற்றிவிடுவாள். அவ்வளவுதான்.

அம்மா ஃபோனில் பேசுவதோடு சரி, வேறெதையும் தொடமாட்டாள். அன்று மாலையிலிருந்து மூன்று நாள், அம்மா குளிக்கப் போகும்போதெல்லாம் மகள் அந்த ஃபோனில் ஒரே ஒரு விஷயத்தை விழுந்து விழுந்து தேடினாள். தன் பிரவுசரையும் எக்ஸ்டென்ஷனோடு அதில் ஏற்றி வைத்தாள். சனிக்கிழமை அம்மாவிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"உன் மனசை அரிக்கிறது எதுவோ அதை இதுல எழுதி மடிச்சு வச்சுக்கோ. அவர் அதைச் சொல்லிட்டா நான் இந்தக் கல்யாணத்தை மறந்துடறேன். சொல்லலைன்னா நீ என்னைத் தடுக்கக் கூடாது."

அம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். சமையலறைக்குள் போய், நெடுநேரம் கழித்து மடித்த தாளோடு வந்தாள்.

ஞாயிறு. மாடிப்படி நிறைந்த கூட்டம். மெக்கானிக் கீழே கடைசிப் படியில் நின்றான். துணி விழுந்தது. முனகல் பாதியில் தடுமாறியது. மறுபடி தொடர்ந்தது. தலை வெளியே வந்தபோது மனக்கண்ணரின் நெற்றியில் வியர்வை.

"அம்மா, உங்க மனசுல ஒரு குதிரை நிக்குது."

கூட்டம் அம்மாவைப் பார்த்தது. அம்மா தன்னையே பார்த்துக்கொண்டாள்.

"சேணம் வேணும்னு ஏங்குறீங்க. லாடம் அடிக்கணும். குதிரைக்குக் கொள்ளு மூட்டைக் கணக்குல வாங்கணும்னு ஆசை."

"அக்கா, எங்க கட்டி வைப்பீங்க?" என்றாள் சலவைக்கடைக்காரம்மா கவலையோடு.

"எனக்கு எதுக்குடி குதிரை? பஸ்ல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்."

"ஆழ்மனசு, அம்மா. உங்களுக்கே தெரியாது" என்றார் மனக்கண்ணர்.

"ஐயா, இன்னொரு தடவை பாருங்க" என்றாள் மகள். "அதே அம்மா, அதே ஃபோன், அதே வானிலைப் பக்கம்." இப்போது தன் பிரவுசரில் திறந்து கொடுத்தாள்.

துணி விழுந்தது. முனகல் இல்லை. நேரம் போனது. யாரோ இருமினார்கள். துணிக்குள் விரல் மேலும் கீழும் தள்ளுவது வெளியே தெரிந்தது. குதிரை இல்லை, லாடம் இல்லை, எதுவுமே இல்லை.

ஒருவழியாகத் தலை வெளியே வந்தது.

"உங்க மனசுல..." தொண்டையைச் செருமினார். "முப்பத்திரண்டு டிகிரி. மதியத்துக்கு மேல லேசான மேகமூட்டம்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. மகள் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பழைய பிரவுசரில் குதிரையைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டினாள்.

"மூணு நாளா நான்தான் தேடினேன். நாம தேடறதை விளம்பரக்காரன் குறிச்சுக்கறான். குறிச்சதை இந்தப் பக்கத்துல ஒட்டறான். இவர் துணிக்குள்ள அதைப் படிக்கிறார். புது ஃபோன்ல ஆத்மா ஏன் ஊறலைன்னு இப்பத் தெரியுதா?"

"அப்ப அந்த முடி?" என்ற சலவைக்கடைக்காரம்மா, பதிலுக்குக் காத்திருக்காமல் கணவரைத் தேடிக் கீழே ஓடினாள். மற்றவர்கள் மனக்கண்ணரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஃபோனுக்குக் கண் பட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே பின்பக்கக் கதவைத் தேடினார். அதைப் பார்க்க மனக்கண் உதவவில்லை போலும். சுவரில் மோதிக்கொண்டார்.

"தாளைக் கொடும்மா" என்றாள் மகள்.

அம்மா கொடுக்கத் தயங்கினாள். மகளே வாங்கிப் பிரித்தாள். 'இவ போயிட்டா, வீட்ல நான் யார்கிட்டப் பேசுவேன்?'

சிரித்துக்கொண்டிருந்தவள் துணியைத் தோளிலிருந்து இறக்கினாள். மூன்று நாள் அம்மாவின் ஃபோனைத் தடவியவள், அம்மாவிடம் இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

மெக்கானிக் படியேறி வந்து தாளை எட்டிப் பார்த்தான்.

"அத்தை, உங்க எதிர்க் கட்டடத்து லிஃப்ட் எப்பவும் ரிப்பேர்தான். வாரத்துல நாலு நாள் நான் அங்கதான் கிடப்பேன். இவளும் கூட வருவா. நீங்களே போதும்னு துரத்துவீங்க."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்தத் தொட்டில் யாருக்கு?"

"ஒரு மாசம் கழிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் என்னை நம்புவீங்களா?"

அம்மா முதல்முறையாக அவன் ஃபோனை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, வா. காபி குடிச்சுட்டுப் போ. குதிரைக்குத்தான் ஒண்ணும் இல்ல வீட்ல."

மனக்கண்ணர் வேறோர் ஊரில் கடை விரித்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் மாடிப்படி நிறைகிறதாம். உங்கள் மனதில் இருப்பதை யாராவது புட்டுப் புட்டு வைத்தால், கும்பிடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று யோசியுங்கள்: இவருக்கு இதை யார் சொன்னது? அநேகமாக நீங்கள்தான்.