‘வராத மாப்பிள்ளை’ பாட்டைப் பற்றித் தங்கைக்கு ஒரு விளக்கம்

ஒகையோவில் வாழும் அன்புத் தங்கை நியோமாவுக்கு, கென்டக்கியிலிருந்து அண்ணன் வெர்லின் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாயும் சுகம். என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போவதில்லை. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

நிற்க. ஓர்லீனாவின் கச்சேரியில் நான் எழுந்து கலாட்டா செய்ததாக உனக்கு யாரோ போன் செய்தார்களாமே, அது சுத்தப் பொய். நாற்பத்தாறு வருஷமாக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாததா? எங்கள் கல்யாணத்தன்று நான் சர்ச்சுக்கு வரவில்லை என்று அன்றைக்கே கிடாரோடு பஸ் ஏறிப் பாட்டுக்காரர்கள் ஊரான நாஷ்வில்லுக்குப் போய், அதையே பாட்டாகக் கட்டி, நாடு முழுக்க ரேடியோவில் பாடிப் பேர் வாங்கிவிட்டாள். டிரக் மக்கர் பண்ணிப் பத்தே நிமிஷம் தாமதம், அவ்வளவுதான். பத்து நிமிஷம் பொறுக்காதவளுக்கு நாலு நிமிஷப் பாட்டு! முடிவெட்டப் போனால் அதே பாட்டு. பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே முணுமுணுக்கிறார், எனக்கோ பதில் சொல்ல வாயில்லை. உன் அண்ணி மேபல்கூட, புண்ணியவதி, சாகும்வரைக்கும் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைத்தான் பாடினா. “வேற பாட்டே கிடைக்கலியா?”ன்னு கேட்டா, “அந்த ஆள் அங்கே போகாததாலதானே எனக்குக் கிடைச்சான்”னு சிரிப்பா.

போன சனிக்கிழமை மத்தியானம் நம்ம ஊர் ஸ்கூல் விளையாட்டுக் கூடத்துல ஓர்லீனா பாட வந்தா. நான் ரெண்டு பக்கத்துக்கு மறுப்பு எழுதி எடுத்துக்கிட்டு, சாவுக்குப் போற கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு மூணாவது வரிசையில உக்காந்தேன். முடிவெட்டற கர்டிஸ், “என்ன வெர்லின், இன்னிக்காவது வந்துட்டியே!”ன்னான். வரிசையே சிரிச்சுது. அவ வந்தா. தலை முழுக்க வெள்ளை. நிலக்கரிச் சுரங்கத்துல செத்துப்போன அவ அப்பாவைப் பத்திப் பாடினப்போ ஊரே அழுதுது, என் கண்ணுல தூசி விழுந்துது. அப்புறம் நம்ம பாட்டு. மூணாவது சரணத்துல நின்னுட்டா. தொண்டை கட்டிக்கிட்டதால இல்ல, நியோமா, வரி மறந்துபோச்சு. கிடார் மட்டும் அங்கேயே சுத்திச் சுத்தி வருது. மேடை ஓரத்துல அவ மக முகம் வெளுத்துப்போச்சு. பாட்டுத் தெரிஞ்ச முன்னூறு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் எழுந்தேன், கையில காகிதத்தோட. கர்டிஸ் கோட்டைப் பிடிச்சு இழுத்தான்: “உக்காருப்பா, சண்டைக்கு இதுவா நேரம்?”

“இன்ஜின் மேலே பழியைப் போட்டு”ன்னு நான் சத்தமா சொன்னேன். அவ நிமிர்ந்து பாத்தா. “வீட்டில் நின்றான் மாப்பிள்ளை”ன்னேன். பிடிச்சுக்கிட்டா. அப்புறம் வரிவரியா நான் சொல்ல அவ பாடினா. என்னைத் திட்டின திட்டு எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சு, “உனக்கு மட்டும் எப்படிடா மறக்கல?”ன்னா.

“மறக்க விட்டாத்தானே!”

அவ சிரிக்கல. “ஞாபகம் ஒவ்வொண்ணாப் போகும்னு டாக்டர் சொன்னார். பாட்டுதான் முதல்ல போகும்னு நினைக்கல, வெர்லின்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மறுப்பை அடுப்பில் போட்டேன். இனி அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி ஒருவரிடமும் வழக்காடமாட்டேன். கர்த்தர் உன் குடும்பத்துக்கு நல்ல உடம்பும் அணையாத அடுப்பும் தரட்டும்.

இப்படிக்கு,
ஒரு தப்பும் செய்யாத உன் அண்ணன்,
வெர்லின்

பி.கு.: பத்து நிமிஷம் என்று எழுதினேன் அல்லவா? நான் கிளம்பவே இல்லை. டிரக் முதல் தடவையே ஸ்டார்ட் ஆனது, எனக்குத்தான் பயம். நேற்று ஓர்லீனாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். “தெரியும்”னா. “அன்னிக்கு நான் ஏறின பஸ் உன் வீட்டு வழியாத்தானே போச்சு. கல்யாணக் கோட்டோட வண்டிக்குள்ள உக்காந்திருந்தே. நான் கையாட்டினேன். நீ ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு அழுதுட்டிருந்தே.” அதை அவள் பாட்டில் வைக்கவில்லை, நியோமா.