அறுபத்து நாலாவது சில்லு

எண்ணாமல் இருக்க எனக்கு வராது. படியேறினால் படியை எண்ணுவேன், பந்தியில் உட்கார்ந்தால் அப்பளத்தை எண்ணுவேன். வயது எழுபத்தொன்பது ஆகிறது, இனி திருந்தப் போவதில்லை. இந்தப் பழக்கத்தால் ஒரு மலையில் ஐந்து பேரை வழி தெரியாமல் நிற்க வைத்ததையும், அதைவிடக் கேவலமாக ஒரு சொல்லைச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். நான் எழுதாவிட்டாலும் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் எனக்கு வேலை. சூளையிலிருந்து இறங்கும் கோப்பைகளை எண்ணி, நல்லது எத்தனை, உடைசல் எத்தனை என்று எழுத வேண்டும். (எனக்கென்றே யாரோ உண்டாக்கிய வேலை.) பட்டறையில் என் பெயரே 'கணக்கு'.

சூளைக்குத் தீ போடுகிறவர் கலியமூர்த்தி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தீயின் நிறத்தைப் பார்த்தே உள்ளே கோப்பை வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். அவருடைய தங்கை தனலட்சுமி, கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும் பகுதியில் இருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பதினாலு மாதமாக எனக்கு ஆசை. அப்பா இல்லாத வீடு, அண்ணன் சொன்னால்தான் நடக்கும். அண்ணன் முகத்தைப் பார்த்தாலோ எனக்கு வாய் குளறும்.

புகைபோக்கி வேலைக்காக இரண்டு நாள் சூளையை நிறுத்தினார்கள். கல்வராயன் மலையில் ஏறி, ஒரு ராத்திரி மேலே தங்கிவிட்டு வரலாம் என்று பஷீர் பாய் கிளப்பினார். அவர் கோப்பைகளை வைக்கோல் சுற்றிக் கட்டுகிறவர். கலியமூர்த்தியும் வார்ப்புப் பகுதியில் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். "நீயும் வரியா கணக்கு?" என்று கலியமூர்த்தி கேட்டார். மலை என்றால் எனக்குப் பயம். "வரேங்க மேஸ்திரி" என்றேன்.

அன்றைக்குத் தூக்கமில்லை. பாதையே இல்லாத மலையாம். போய்விட்டு எப்படித் திரும்புவது? விடிவதற்குள் ஒரு யோசனை வந்தது. உடைசல் குவியலிலிருந்து வெள்ளைச் சில்லுகளாகப் பொறுக்கி ஒரு மஞ்சள் பையை நிரப்பினேன். நூற்றைம்பது காலடிக்கு ஒரு சில்லு, இடது கைப் பக்கம், மரத்தடியில். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் எல்லாரும் வழி தெரியாமல் விழிக்கும்போது, "கவலைப்படாதீங்க, என் பின்னாடி வாங்க" என்று நான் முன்னால் நடப்பேன். கலியமூர்த்தி அதைப் பார்ப்பார். வீட்டில் போய்த் தங்கையிடம் சொல்வார். திட்டம் அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி அடிவாரத்தில் இறங்கி ஏறத் தொடங்கினோம். பஷீர் பாய் முன்னால், வார்ப்புக்காரர்கள் நடுவில், ஐந்தாவதாக நான், கடைசியில் கலியமூர்த்தி. (சூளை அறையிலிருந்தும் அவர் கடைசியாகத்தான் வெளியே வருவார், உள்ளே யாரும் தங்கிவிடக் கூடாதாம்.) நான் இரவல் வாங்கிய கேன்வாஸ் ஷூ போட்டிருந்தேன். அவர் வெறுங்கால்.

புதர், பாறை, மறுபடி புதர். ஒரு ஓடையை மூன்று தடவை தாண்டினோம், மூன்றும் ஒரே ஓடையா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் கவலையில்லை. நூற்றைம்பது எண்ணுவேன், மூச்சு வாங்குவதுபோல மரத்தடியில் குனிவேன், சில்லை வைப்பேன். பெரிய சில்லுகள் தீர்ந்து, கடைசியில் புளியங்கொட்டை அளவுதான் மிச்சம். அறுபத்து நாலாவதை வைத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஒன்பதாயிரத்து அறுநூறு காலடி. மேலே ஒரு தட்டைப் பாறை வந்தது. அங்கேயே தங்கலாம் என்றார்கள்.

சற்றுப் பொறுத்து வந்து சேர்ந்த கலியமூர்த்தி, துண்டில் ஒரு மூட்டையை என் முன்னால் வைத்தார். உள்ளே கலகலவென்று சத்தம்.

"இந்தா கணக்கு. உன் பை கிழிஞ்சிருக்குது போல. வழி பூரா கொட்டிக்கிட்டே வந்த. பொறுக்கிட்டு வந்துட்டேன்."

எங்கள் பட்டறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தரையில் சில்லைக் கண்டால், யாராக இருந்தாலும் குனிந்து பொறுக்கிவிட வேண்டும். எல்லாரும் வெறுங்காலோடு நடக்கும் இடம். முதலாளி வந்தாலும் குனிவார். அந்தச் சட்டத்தைத்தான் மனிதர் ஒரு மலை முழுக்கக் கடைப்பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"எல்லாத்தையுமா பொறுக்குனீங்க?"

"பின்ன? ஆடு மேய்க்கிற புள்ளைங்க நடக்கிற எடம். காலு என்னத்துக்கு ஆவுறது?"

"மலைக்கு எதுக்குய்யா ஒடைசலு?" என்றார் பஷீர் பாய்.

உண்மையைச் சொன்னால் கலியமூர்த்தியைக் குற்றம் சொன்னதாக ஆகும். "பொழுது போவலன்னா எண்ணிப் பாக்கலாமேன்னு..." என்றேன். எல்லாரும் உடனே நம்பினார்கள். அவ்வளவு சுலபமாக நம்பியதில்தான் எனக்கு வருத்தம்.

கலியமூர்த்தி ஈர விறகில் தீ மூட்டினார். மூன்று தீப்பெட்டி கொண்டுபோயிருந்தேன், அவருக்கு ஒரே குச்சி போதுமாக இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தில் துணி சுற்றினார். "முள்ளு" என்றார். அந்த வெளிச்சத்தில் நான் மூட்டையை அவிழ்த்து எண்ணினேன். அறுபத்து மூன்று. மறுபடி எண்ணினேன். அறுபத்து மூன்று. வழி போய்விட்டது, கல்யாணம் போகப் போகிறது, நானோ ஒரு சில்லைத் தேடிப் பாறை முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

"என்னா தேடற?"

"ஒண்ணு கொறையுதுங்க மேஸ்திரி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படு. காத்தால பாத்துக்கலாம்" என்றார்.

விடிந்தது. "வந்த வழியே எறங்கிடலாம்" என்றார் பஷீர் பாய். எது வந்த வழி என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். ஐந்து திசை வந்தது. இதற்கு மேல் மறைக்க முடியாமல், தனலட்சுமியை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

கலியமூர்த்தி, "சரியா ஒரே தூரத்துல விழுதேன்னு நானும் யோசிச்சேன். உன் பையும் உன்ன மாதிரியே போலன்னு விட்டுட்டேன்" என்றார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் கொன்றது.

அவர் நொண்டிக்கொண்டே ஒரு பாறைமேல் ஏறி நின்றார். காலைப் பனியில் நாலைந்து இடத்தில் வெள்ளையாக ஏதோ எழும்பியது. எனக்கு எல்லாம் மூடுபனியாகத்தான் தெரிந்தது. "அந்த மூணும் பனி. இது பொகை. ஈர வெறகு, சின்ன அடுப்பு. வூடு இருக்குது" என்றார். நம்பி இறங்கினோம். புதர் கிழிக்கும் இடத்தில் முதலில் அவர் போனார், பாறை வழுக்கும் இடத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். ஐந்து பேரையும் தாண்டவிட்டு மறுபடி முன்னால் போவார். அந்தக் காலோடு அவர் எத்தனை தடவை அப்படிச் செய்தார் என்று எண்ணினேன். பதினேழு.

இரண்டு மணி நேரத்தில் குடிசைகள் தெரிந்தன. அடுப்பில் சாமைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சி ஊற்ற வந்த அம்மாள் கலியமூர்த்தியின் காலைப் பார்த்துவிட்டு, சட்டியைக் கீழே வைத்தார். துணியை அவிழ்த்தால் ரத்தம் கட்டி வீங்கியிருந்தது. ஊசியை நெருப்பில் காட்டிக் கிளறி, ஒன்றை வெளியே எடுத்தார்.

"இது முள்ளு இல்லீங்களே" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

வெள்ளையாக, புளியங்கொட்டை அளவு.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? காலில் விழுந்திருக்கலாம். அழுதிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அறுபத்து நாலு."

அதுவும் நிம்மதியாகச் சொன்னேன். கணக்கு சரியாக வந்தவனின் குரலில்.

கஞ்சிக் கொட்டாங்கச்சியோடு எல்லாரும் அப்படியே நின்றார்கள். முதலில் சிரித்தவர் கலியமூர்த்தி. காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வர சிரித்தார். பிறகு மற்ற நாலு பேரும். காரணம் தெரியாமலே அந்த அம்மாளும்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. கள்ளக்குறிச்சி தாண்டும்வரை ஜன்னலையே பார்த்தேன். பிறகு, "நேத்தே சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"கடைசி சில்லு. இருட்டுல மிதிச்சிட்டேன். சொன்னா நீ ராத்திரி பூரா பொலம்புவ." என் கையிலிருந்த சில்லையும் வாங்கித் தன் துண்டு மூட்டையில் முடிந்துகொண்டார். "வெள்ளிக்கெழம உங்க வூட்டுப் பெரியவங்கள அழைச்சிக்கிட்டு எங்க வூட்டுக்கு வா."

"எதுக்குங்க?"

"பதினாலு மாசமா எங்க தெருவுல எத்தினி தடவ நடந்தன்னு எனக்கும் எண்ணத் தெரியும்."

கல்யாணத்தில் சீர்த் தட்டுகள் பதினொன்று வந்தன. பதினொன்றாவதில் வெற்றிலை மேல் அறுபத்து மூன்று சில்லுகள். இன்னொன்று எங்கே என்று நான் கேட்பதற்காகவே மண்டபம் காத்திருந்தது. கேட்டேன். மாப்பிள்ளை கேட்டான் என்று மேளக்காரர் வரைக்கும் சிரித்தார்கள். அதை என் மச்சான் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மச்சானுக்கு இப்போதும் மழைக்காலத்தில் அந்தக் கால் வலிக்கும், ஆனாலும் எங்கே போனாலும் கடைசியாகத்தான் நடப்பார். என் வீட்டில் எது காணாமல் போனாலும், மூக்குக் கண்ணாடியோ, சாவியோ, பேப்பரில் நடுப் பக்கமோ, நான் புலம்ப ஆரம்பித்ததும் சமையலறையிலிருந்து தனலட்சுமியின் குரல் வரும்:

"எங்க அண்ணன் கால்ல பாருங்க."