உப்பு வாங்க வந்த பெண்கள்

செம்மேடு,
12.2.2003

செல்வ மகள் டாக்டர் ராதிகாவுக்கு, அப்பா பொங்கியண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம், பனிதான் அதிகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? இக்கடிதத்தில் வருவன:

1. நீ இங்கே ஏற்பாடு செய்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு மலைப் பெண்கள் வராதது.
2. அதற்குக் காரணம் மளிகைக்கடைக் காளியண்ணன் என்ற என் சந்தேகம்.
3. உன் அம்மாவும் அவருக்கு உடந்தையோ என்ற சந்தேகம். (எழுதவே கை கூசுகிறது.)

சந்தை நாள்தோறும் முகாம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று நீ சொன்னாயா, நானே நினைத்துக்கொண்டேனா, சரியாக நினைவில்லை. பெண்கள் வராமலில்லை. வாசல்வரை வருகிறார்கள். எல்லோரும் என்னிடம் படித்தவர்கள், அல்லது படித்தவர்களின் தாய்மார்கள். "என்னம்மா, எதுக்கு வந்தே?" என்று அன்பாகத்தான் கேட்கிறேன். "உப்பு வாங்கங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் காளியண்ணன் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். உள்ளே நர்ஸ் சத்யா தனியாக உட்கார்ந்து வாரப்பத்திரிகை படிக்கிறாள். ஒரு மலைக்கு இவ்வளவு உப்பு எதற்கு? காளியண்ணனோ அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து இன்னொரு லோடு இறக்கிவிட்டார். பலாமரத்தின் பின்னால் மறைந்து நின்று அவரைக் கவனித்தேன். "ஏனுங்க வாத்தியாரே, பலாப்பிஞ்சு எண்ணறீங்களா?" என்று கடையிலிருந்தே கேட்டுவிட்டார். குற்றமுள்ளவர்தானே இப்படி விழிப்பாக இருப்பார்?

எனக்குக் கவலை என்னிடம் படித்த பாப்பாத்தியைப் பற்றித்தான். மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி இருப்பதாக உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். போன சந்தைக்கு மலைப்பாதையில் அவ்வளவு தூரம் நடந்து வந்து என் முன்னால் நின்றாள். "உப்புங்க சார்." "அதுக்கு முந்தின சந்தையிலயும் உப்புதானேம்மா வாங்கினே?" "தீந்துபோச்சுங்க சார்." இந்த மாதமும் யாரும் வராவிட்டால் முகாமை நிறுத்திவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். பிறகு அவள் எங்கே போவாள்?

மூன்றாவதற்கு வருகிறேன். நம் வீட்டு அடுப்படியில் உப்புப் பொட்டலங்கள் குவிகின்றன. கேட்டால் உன் அம்மா பேச்சை மாற்றுகிறாள். இப்போது, "ஏனுங்க, நாளைக்கு நீங்க ஊட்டுல காயற மொளகப் பாத்துக்குங்க, முகாமுக்கு நான் போறேன்" என்கிறாள். ஏன்?

எட்டுக்கை அம்மன் எட்டுக் கைகளாலும் உங்களைக் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அப்பா,
பொங்கியண்ணன்

பி.கு. (13.2.2003): கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று மிளகைக் கோழிகளிடம் ஒப்படைத்துவிட்டு மெல்லப் போய்ப் பார்த்தேன். என் நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் உன் அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வரிசை ரோடுவரை நின்றது. உள்ளேயிருந்து வந்த பாப்பாத்தி என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, "உப்பு வாங்க வந்தேனுங்க சார்" என்றாள். வரிசையே சிரித்தது.

"பொட்டப்புள்ளைக எப்பிடிங்க வாத்தியார்கிட்டப் போய் மாருல கட்டின்னு சொல்லும்?" என்றாள் உன் அம்மா. "சொன்ன பொய்க்கு உப்ப வாங்கி, மலையேத்தத்துல சொமக்க முடியாம நம்மூட்டுல போட்டுட்டுப் போறாளுக."

காளியண்ணன் கடையிலிருந்து கும்பிட்டார். "அடுத்த சந்தைக்கும் வந்து உக்காருங்க வாத்தியாரே, இன்னொரு லோடு கெடக்குது!"

கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தது நல்லது என்றாள் சத்யா. நாளைக் காலை பாப்பாத்தியும் உன் அம்மாவும் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார்கள்.

ஆகவே இரண்டாவது விஷயம் தவறு. அதில் காளியண்ணன் என்று இருக்கும் இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்.