மாமனார் வாசலில் கட்டிய மெட்டு

பாகூர்ப் பக்கத்தில் மாமனார் மீது கிளாரினெட்டால் படையெடுத்த மாப்பிள்ளை ஒருவர்தான். ஊர் அவரைப் பிரெஞ்சுக்காரர் பாணியில் ‘முசே’, அதாவது ஐயா, என்று கூப்பிடும். பிரெஞ்சுக்காரத் துரை ஒருவர் தூக்கிப்போட்ட தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்ட நாளிலிருந்து, பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கல்யாணங்களுக்கு வாசிக்கும் அவருடைய பாண்டு செட்டில் நான் பெரிய டிரம் அடித்தேன்.

முசே வாசித்தால் பந்தியில் உட்கார்ந்தவன் சோற்றை மறப்பான். சாராயத்தைக் கண்டால் முசே பந்தலையே மறப்பார். ஒரு கல்யாணத்துக்குப் போனவர் பதினோராம் நாள் வீடு திரும்பி, “அஞ்சல, சோறு இருக்கா?” என்றார்.

“இருக்கு. எங்கப்பன் வூட்ல” என்றாள் மனைவி. துணிமூட்டையோடு கரையாம்புத்தூருக்கு நடந்தே போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் முசே மாமனார் வாசலில் நின்றார். தொப்பி, கோட்டு, கிளாரினெட். துணைக்கு நான். அங்கேயே ஒரு மெட்டுக் கட்டினார். கெஞ்சலாகத் தொடங்கும், கோபமாக ஏறும், பிறகு வெட்கப்பட்டதுபோல் இறங்கும். அதையே திருப்பித் திருப்பி வாசித்தார். மாமியார் ஒரு குடம் கழுநீரைக் கொண்டுவந்து மேலே ஊற்றினாள். குழலை உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மாமனார் வெளியே பாய்ந்தார். “யோவ், மாடு பால் சொரக்க மாட்டேங்குது. நிறுத்துய்யா!”

“பொண்ண அனுப்பு. நிறுத்தறேன்.”

“குடிகாரனோட அனுப்பறதுக்கு அவள கெணத்துல தள்ளிடலாம்!”

ஒன்பது நாள் இந்தக் கூத்து. தெருவே அந்த மெட்டைச் சீட்டியடித்தது. ஒன்பதாம் நாள் அஞ்சலையே மூட்டையோடு வந்தாள். “நடய்யா, ஊரே சிரிக்குது” என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான்கு மாதம் முசே சாராயத்தைத் தொடவில்லை. ஐந்தாம் மாதம் தொட்டார். அப்புறம் அது அவரை விடவில்லை. வில்லியனூரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டே இருமினார். கைக்குட்டை சிவந்தது. “வெத்தலடா” என்றார். அவர் வெற்றிலை போட்டதே இல்லை. மூன்றாவது வாரம் செத்துப்போனார். முப்பத்திரண்டு வயது. செய்தி வந்த பிறகும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பினேன்.

சில வருஷம் கழித்துக் கரையாம்புத்தூரில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணை வண்டியேற்றும் நேரம், எங்கள் புது கிளாரினெட்காரரிடம் “பொண்ணு அனுப்புற மெட்டு வாசிங்க” என்றார்கள். அந்தப் பக்கத்துக்காரரான அவர் உடனே வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழுநீர் வாங்கிய அதே மெட்டு!

பக்கத்தில் அந்த மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க மாப்ள கட்டனது. தெய்வப்பிறவி. சாராய வாசனையே ஆவாது அவருக்கு. நல்லவங்கள சாமி சீக்கிரம் கூப்டுக்குது.”

என் கையிலிருந்த கோல் கீழே விழுந்தது. கூட்டமோ பக்தியோடு தலையாட்டியது.

விதவை என்று ஓரமாக நிறுத்தப்பட்டிருந்த அஞ்சலை நேரே முன்னால் வந்தாள். “இன்னாப்பா சொல்ற? குடிச்சாரு. என்ன அழ வெச்சாரு. அதையும் சேத்துச் சொல்லு. அதில்லன்னா அந்த மெட்டு ஏது?”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, இவரு தப்பில்லாம வாசிக்கறாரு. ஆனா எறங்கற எடத்துல எங்க வூட்டுக்காரருக்கு மூச்சு முட்டிக் கொஞ்சம் நிக்குமே, அத இவரு வுட்டுட்டாரே.”

மறுமுறை மெட்டு இறங்கியபோது நான் டிரம்மை நிறுத்தினேன். கிளாரினெட்காரர் திடுக்கிட்டுத் தானும் நிறுத்தினார். முசே மூச்சு வாங்கி முடிக்கும் அளவுக்குக் காத்திருந்து, அப்புறம் அடித்தேன்.