முத்தல் இலை என்று விட்டுவிட்ட பாகங்கள்

அன்புள்ள பாண்டியன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் ஜீவிதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அம்மா, வினோத் அண்ணன், வெள்ளாடு எல்லோரும் சுகம். திருப்பூரில் நீங்களும் அத்தையும் அந்த வெயிலிலும் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும். ஜெகதளாப் பக்கம் தேயிலைக் காட்டில் ஒரு வாரமாக மூடுபனி. துவைத்த துணி எல்லாம் கொடியிலேயே இருக்கிறது. மற்றபடி சொல்லும்படி ஒன்றும் இல்லை. இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். போன் என்றால் நான் 'ம்' மட்டும்தான் சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

'தொலைவானம்' என்ற அந்த விண்வெளித் தொடர் உள்ள ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப்போக அடுத்த ஞாயிறு வருவதாக அண்ணனிடம் சொன்னீர்களாம். மாமா, தயவுசெய்து வராதீர்கள். வாருங்கள், வந்து சாப்பிட்டுப் போங்கள், ஆனால் டிஸ்க்கைக் கேட்காதீர்கள். கல்யாணம் முடியும் வரை அது எனக்கு வேண்டும். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அண்ணனுக்குக் கட்டபெட்டில் பெண் நிச்சயமான அன்று நீங்கள் லீவு கிடைக்காமல் வரவில்லை. அந்த வீட்டில் கூட்டத்தைப் பார்த்ததும் நான் வழக்கம்போல் பின்பக்கம் போய் விறகு அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பிளஸ் ஒன்னில் எழுந்து பேர் சொல்லச் சொன்னதற்கே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான், அத்தனை பேர் முன்னால் எப்படி உட்காருவேன்? கொஞ்ச நேரத்தில் பட்டுச்சேலையோடு ஒருவர் வந்து, "உள்ள ஒரே கூட்டம் அம்மிணி, நானும் கொஞ்சம் இங்கயே நிக்கறேன்" என்று பக்கத்தில் நின்றார். யாரென்று பார்த்தால் கல்யாணப் பெண்! இந்துமதி அண்ணி. என்னைத் தேடி வந்து, 'வெளியே வா' என்று இழுக்காமல் கூட நின்றவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான் மாமா. நமக்கு இருப்பது ரெண்டு ரூம் எஸ்டேட் லைன் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு காலை முதல் ராத்திரி வரை நானும் அவரும்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவரிடம் எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று அந்த விறகுக்குப் பின்னாலேயே முடிவு செய்தேன்.

அண்ணி, "டிவில என்ன பாப்ப?" என்று கேட்டார். நான் 'ம்' என்று தொடங்குவதற்குள், எங்களைத் தேடிக்கொண்டு வந்த வினோத் அண்ணன், "இவ தொலைவானம் முழுசையும் பாத்துட்டா" என்று சொல்லிவிட்டான். நீங்கள் டிஸ்க் கொடுத்ததை மட்டும் வைத்துச் சொன்னான். அது டப்பாவை விட்டு வெளியே வரவே இல்லை. அண்ணி முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அட, நானும் சின்ன வயசுல இருந்து பாக்கறேன்! ஊடு பாக்க வர்றப்ப நாம ரெண்டு பேரும் அதப் பத்தியே பேசலாம்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன். அவர்கள் வீடு பார்க்க வருவது அதற்கடுத்த ஞாயிறு. டிஸ்க்கில் இருப்பது பதினோரு சீசன், முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான பாகங்கள்.

டப்பா மேல் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். 'ஒன்றுகூட விடாமல் வரிசையாகப் பார்க்கவும்.' அம்மாவிடம் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டார். "எங்க தம்பிக்கு வேற வேல இல்ல. காட்டுல இருக்கற எலையெல்லாம் உருவிட்டு வந்தா ஃபேக்டரில எடை போடுவாங்களா? ரெண்டு எலை ஒரு மொட்டு. கொழுந்த மட்டும் கிள்ளு, முத்தல உடு" என்றார். அப்போது பக்கத்து வீட்டு ராக்கம்மா அத்தையும் இருந்தார். எல்லா சீசனிலும் முதல் பாகத்தைப் பார்ப்போம் என்று நான் மெல்லச் சொன்னேன். அத்தை விடவில்லை.

"ஏன் புள்ள, கொழுந்து எங்க இருக்கும்? நுனியில. நுனின்னா கடைசிதான? மொதல்ல வந்த எலை அடியில கெடந்து முத்திப் போயிருக்கும்."

"மொதல் பாகம் பாக்காம கத எப்புடி வெளங்கும் ராக்கு?" என்றார் அம்மா.

"நாம என்ன வேரப் பாத்துட்டா கிள்றோம்?"

இருபது வருஷமாகக் கொழுந்து எடுப்பவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்? ஒவ்வொரு சீசனிலும் கடைசிப் பாகம் மொட்டு, அதற்கு முந்தைய இரண்டும் இலை, மீதி முத்தல் என்று முடிவானது. அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். மாமா, நீங்கள் முழுவதும் பார்த்தவர், உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தத் தொடரில் ஒவ்வொரு சீசன் கடைசியிலும் கப்பல் வெடிக்கிறது. எப்படித் தப்பித்தார்கள் என்பதை அடுத்த சீசனின் முதல் பாகத்தில் வைத்திருப்பார்கள் போல. அதைத்தான் நாங்கள் முத்தல் என்று தள்ளிவிட்டோமே. அதனால் நாங்கள் பார்த்த கதை இதுதான்: எல்லோரும் அழுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், கப்பல் வெடிக்கிறது. அடுத்து எல்லோரும் புதுச் சட்டையோடு வந்து அழுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், கப்பல் வெடிக்கிறது.

சத்தம் கேட்டு ஃபேக்டரி ஃபிட்டர் நல்லசாமி அண்ணனும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கதை ஒரு பொருட்டே இல்லை. "ஏனுங்கக்கா, நேத்து எஞ்சின் ரூமே இல்லாம போச்சு, இன்னிக்கு பளபளன்னு நிக்குது? எந்த ஒர்க்‌ஷாப்புங்க அது? நம்ம ட்ரையர் பெல்ட்டு அறுந்தா கோயமுத்தூர்ல இருந்து ஆளு வந்து சேரவே வாரமாகுது" என்று பாகத்துக்குப் பாகம் கேட்டுக்கொண்டிருந்தார். கேப்டன் செத்துச் செத்துத் திரும்பி வருவதில் அம்மாவுக்குக் கோபம். "செத்தவனுக்கு ஒரு காரியம்கூட பண்ணாம திரும்பக் கூட்டியாந்துட்டாங்க பாரு." கேப்டன் ஒரு சீசனில் வெள்ளி முடி வைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதார், அடுத்ததில் நீல முகத்துப் பெண்ணை. ராக்கம்மா அத்தை, "மொத சம்சாரத்துக்குச் சொல்லிப்போட்டானா இல்லயா?" என்று டிவியைப் பார்த்தே கேட்டார். ஒன்பதாவது சீசனில் ஏப்ரன் கட்டிய ஒருவர் கையில் கரண்டியோடு நெருப்புக்குள் ஓடினார், கதவு மூடிக்கொண்டது. யாரென்றே தெரியாமல் மூன்று பெண்களும் தேம்பித் தேம்பி அழுதோம். பதினொன்றும் முடிந்தபோது, "நல்ல காரியம் நடக்கப்போற ஊட்டுல இப்புடி ஒரு எழவுப் படமா? இனி இந்தக் கருமத்த நான் ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்" என்று அத்தை எழுந்து போனார். அம்மாவும் அதையே சொன்னார். இப்போது இங்கே அந்த டிஸ்க்கைத் தொடுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் அவர் அம்மாவும் ஜீப்பில் வந்தார்கள். ராக்கம்மா அத்தை பஜ்ஜி போட்டார். அண்ணி நேராக வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு அதுல யாரப் புடிக்கும் ஜீவிதா?" என்றார். பதிலை நான் காலையிலேயே ஆட்டிடம் சொல்லிப் பழகியிருந்தேன்.

"கேப்டனைங்க. அவர் சாகறப்பெல்லாம் நான் அழுதேனுங்க."

என் வாழ்க்கையிலேயே நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான் மாமா. அண்ணி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாகறப்பெல்லாமா?"

"ஆறேழு தடவ இருக்குமுங்க."

அடுப்படியிலிருந்து ராக்கம்மா அத்தை எட்டிப் பார்த்தார். "கப்பல் வெடிச்சதச் சொல்லு புள்ள! வருசா வருசம் வெடிச்சுதுங்க, நானே பாத்தேன்."

"கப்பல் வெடிச்சுதா?" என்றார் அண்ணி. சோதிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "தக்காளி வளப்பாரே, அந்தச் சமையக்காரரு? டாக்டரம்மாகூட சண்ட போட்டுட்டு, அப்பறம் ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்புடுவாங்களே?" என்றார். எனக்கு எந்தத் தக்காளியும் தெரியாது. 'ம்' என்றேன். "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஏப்ரன் கட்டியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். பொய் சொல்லக்கூடாது என்று, "கரண்டியோடவே போயிட்டாருங்க" என்றேன்.

அண்ணி எழுந்து போய் அவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பஜ்ஜியைத் தொடவில்லை. ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்க்காமல் "வர்றேன்" என்றார். "நீ என்னடி சொன்ன அந்தப் புள்ளகிட்ட?" என்று அம்மா ராத்திரி முழுக்கக் கேட்டார். அண்ணன் சாப்பிடவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது மாமா. நான் பார்க்காமலே பார்த்ததாகத் தலையாட்டியதை அண்ணி கண்டுபிடித்துவிட்டார். அவருக்குப் பிடித்த சமையல்காரரை வேறு வாய்க்கு வந்தபடி கொன்றுவிட்டேன். கடைசியில் அவர் பிழைத்திருப்பார், நாங்கள் விட்ட முத்தலில் அது இருக்கும். கூட நின்ற ஒரே ஆளையும் நானே துரத்திவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன். டிஸ்க் என்னிடமே இருக்கட்டும். நீங்கள் சொன்னபடி ஒன்று விடாமல் வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் அண்ணி முகத்தில் விழிப்பேன். அதற்கு முன்னால், சமையல்காரர் எந்தெந்தப் பாகத்தில் வருகிறார், கதவு மூடிய பிறகு அவருக்கு என்ன ஆனது என்று விவரமாக உடனே எழுதுங்கள். அண்ணனிடம் போனில் சொன்னாலும் சரி.

அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் முன்னால் நின்று கல்யாணத்தை நல்லபடியாக நடத்திவைத்து, எங்கள் நாலு பேருக்கும் திருநீறு பூசிவிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்
ஜீவிதா

பின்குறிப்பு: மாமா, ஸ்டாம்ப் வாங்க ஆள் போகாததால் இந்தக் கடிதம் ரெண்டு நாள் இங்கேயே இருந்தது. அதற்குள் அண்ணி, வளையல் வாங்கப் போகலாம் என்று என்னைக் குன்னூருக்கு வரச் சொன்னார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "ஜீவிதா, நீ என்னப் பத்தி என்ன நெனச்சிருப்ப? எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு கண்டுபுடிச்சிட்டல்ல?" என்றார். அண்ணி படித்தது ஹாஸ்டலில். சீசன் முடிகிற நேரம் பரீட்சை வந்துவிடும், டிவி ரூமைப் பூட்டிவிடுவார்கள். புதுசு ஆரம்பிக்கும்போது லீவு, கட்டபெட்டு வீட்டில் கேபிள் கிடையாது. அவர் பார்த்தது முழுக்க நடுப் பாகங்கள். "நான் பாத்ததுல ஒருத்தரும் சாகவே இல்ல அம்மிணி. சமைப்பாங்க, சண்ட போடுவாங்க, செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க. அவ்வளவுதான் கதைன்னு இருந்தேன். சமையக்காரரு போயிட்டாருன்னு நீ சொன்னதுல ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல."

நான் கடைசிகளைச் சொன்னேன், அவர் நடுவைச் சொன்னார். எங்கள் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. வளையல் வாங்கவே இல்லை. சமையல்காரர் பிழைத்தாரா என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதில்லை என்று பேசி முடித்துவிட்டோம். அதனால் மேலே கேட்டது எதையும் எழுதாதீர்கள். கல்யாணத்துக்கு வரும்போதும் வாயைத் திறக்காதீர்கள். டிஸ்க் எனக்கு வேண்டாம், நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் சாகாத பாகங்கள் இருக்கின்றன என்று தெரிந்ததும் அம்மாவும் ராக்கம்மா அத்தையும் முதல் பாகத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள், கேட்டால் தரமாட்டார்கள். அதை உங்கள் அக்காவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா மிளகுக் கஷாயம் வைத்திருக்கிறார். பேசிப் பேசிக் கட்டியது என்று சொன்னால் நம்பமாட்டார், குடித்துக்கொண்டிருக்கிறேன்.