கட்டுத்துணிக்குள் மாணிக்கம்

பயந்தவனால் பொய் சொல்ல முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. பயந்தவன் உண்மையை மட்டுமே சொல்லி ஒரு பஸ்ஸையே ஏமாற்றிவிடுவான். நான் ஏமாற்றியிருக்கிறேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு தறிக்கூடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. மாணிக்கம் என்றொரு பூனை இருந்தது. வீட்டில் 'அவன்' என்றுதான் சொல்வோம். வெயில் காலத்தில் அவனுக்குக் கண்ணில் பீளை, மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு, மூச்சிழுப்பு மட்டும் எல்லாக் காலத்திலும். (எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். என்னை யாரும் மடியில் போட்டுக்கொள்ளவில்லை.)

ஒருநாள் காலையில் வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் தவித்தான். எங்கள் ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் எப்போதும் இடுப்புயர வெள்ளை நாய்கள் நிற்கும். பார்த்தால் இருக்கிற மூச்சும் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கொண்டுபோவது என்று முடிவானது. என் மனைவி செல்வி அழவில்லை. "அவன் இல்லாம வீட்டுக்கு வந்துராதீக" என்று மட்டும் சொன்னாள்.

பூனையைப் பஸ்ஸில் ஏற்றுவார்களா? சகுனம் பார்த்து இறக்கிவிட்டால்? யாரையாவது பிறாண்டிவிட்டால்? யோசித்து யோசித்து, வீட்டில் கிடந்த கட்டுத்துணியால் வால் முதல் தலை வரை சுற்றிவிட்டேன். சல்லாத் துணி, மூச்சுக்குத் தடையில்லை. சுற்றி முடித்தபின் அது எதைப்போல இருந்தது என்பது கவலையில் எனக்கு உறைக்கவில்லை.

ஏறியதும் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். "பிள்ளைக்கு என்ன செய்யுது?"

"இழுப்புக்கா. பொறந்ததுல இருந்தே."

"பேரு?"

"மாணிக்கம்."

"பால் குடிக்கானா?"

"நேத்துல இருந்து இல்லக்கா. மீனு வச்சாக்கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிடுதான்."

"பச்சப் பிள்ளைக்கு மீனா குடுத்தீய?"

பஸ்ஸே என்னைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூனை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். மூடிக்கொண்டேன். துணிக்குள் மாணிக்கம் கர்ரென்று இழுத்தான். கண்டக்டர் குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, எங்கேயும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லி டிரைவரிடம் போனார். வழியில் இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் முனகவில்லை.

அரசு ஆஸ்பத்திரி வாசலில் கண்டக்டரே என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார். "தைரியமா இருங்க, பொழச்சுக்கிடுவான்." மாட்டாஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று அந்த மனிதரிடம் எப்படிக் கேட்பது?

பஸ் போனதும் நழுவப் பார்த்தேன். அதற்குள் ஒரு நர்ஸம்மா பிடுங்காத குறையாக வாங்கிப்போய் மேஜையில் கிடத்திப் பிரித்தார். முதலில் ஒரு காது வந்தது. அவர் கை நின்றது. டாக்டர் வந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"நீங்கதான் அப்பாவா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்கய்யா."

என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு குழாயை மாணிக்கத்தின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இழுப்புதான், ஆனால் என்னால் ஆகாது என்று சொல்லி, கால்நடை ஆஸ்பத்திரிக்கு வழி காட்ட ஒரு ஆளையும் கூட அனுப்பினார்.

அங்கே ஊசி போட்டார்கள். தீராத வியாதி, தறித் தூசி படாமல் பார்த்துக்கொண்டால் கொஞ்ச காலம் இருப்பான் என்றார்கள். மாணிக்கத்தோடுதான் வீடு திரும்பினேன். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால், குளிக்காமல் செல்வி என்னை உள்ளே விட்டதில்லை. எங்களுக்கு ஒரு மகள் பிறந்து, தவழ்ந்துபோய் அவன் வாலைப் பிடித்து இழுக்கும்வரை இருந்தான்.

பல வருஷம் கழித்து மூவருமாக அதே பஸ்ஸில் போனபோது, நரைத்துப்போன அந்தக் கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஜன்னலோரம் இருந்த மகளைப் பார்த்தார். "மாணிக்கம்னதும் ஆம்பளப் பிள்ளைன்னுல நெனச்சேன்" என்று அவள் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். செல்வி என் தொடையில் கிள்ளினாள்.

"ஆமாண்ணே. நீங்க காப்பாத்துன பிள்ளைதான்" என்றேன்.

மகளின் பெயர் கோதை. வீட்டில் இன்றுவரை மாணிக்கம்தான். கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா, இருமுகிறாயா, மருந்து வாங்கினாயா என்று நான் ஆரம்பிப்பேன். உடனே அந்தப் பக்கம் கர்ரென்று இழுத்துக் காட்டுவாள்.