அரசர் முகம் தெரிந்த குளம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் அரசாண்டு வந்தது. நல்ல முகவெட்டு, அடர்ந்த பிடரி. ஆட்சி எப்படி என்று கேட்டால் மறுபடியும் பிடரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நேராகக் கதைக்குப் போய்விடுவோம்.

அந்தக் காட்டுக்கு இருந்தது ஒரே ஒரு குளம். மலைச்சரிவுக்குக் கீழே வெகு தொலைவில் ஓர் ஆறும் உண்டு என்று யானைகள் சொல்லும். மற்ற யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. குளத்தை நம்பித்தான் எல்லோருடைய பிழைப்பும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மான் முதல் முயல் வரை எல்லோரும் தாங்கள் சேர்த்த தினையிலும் கிழங்கிலும் ஒரு பங்கை அரசரிடம் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் குளப்பங்கு என்று பெயர். கோடை தொடங்கும்போது அரசர் காட்டுப்பன்றிகளைக் கூப்பிட்டு அதைக் கூலியாகக் கொடுக்க வேண்டும். பன்றிகள் வயிறாரத் தின்றுவிட்டுக் குளத்தில் இறங்கி, மூக்கால் முட்டித் தள்ளித் தூர் வாரும். அடியில் ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் வரும்.

குளக்கரையில் முத்துப்பேச்சி என்ற ஆள்காட்டிக் குருவி குடியிருந்தாள். யாராவது வந்தால் கத்தி ஊரைக் கூட்டுகிற நெட்டைக்கால் குருவி அது. விடிந்ததும் குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பறந்து பறந்து சொல்வது அவள் வேலை. "முழங்கால் தண்ணி!" என்றால் மான்கள் கிளம்பும். "கணுக்கால் தண்ணி!" என்றால் குட்டிகளை விட்டுவிட்டுத் தாய்கள் மட்டும் போகும். அந்தக் காட்டில் பேப்பர், டிவி, வாட்ஸ்அப் எல்லாம் அவள் தொண்டைதான்.

குளத்துக்குள் குடியிருந்தவள் ஆவுடை என்கிற ஆமை. மற்றவர்களுக்குக் குளம் வற்றினால் தாகம் எடுக்கும், ஓடிப்போய் வேறு வழி பார்க்கலாம். ஆவுடைக்குக் குளம் வற்றினால் உயிர் போகும். அவள் நடையில் ஆற்றுக்குப் போவதற்குள் ஓடு மட்டும்தான் போய்ச் சேரும்.

அந்த வருஷம் கோடை வந்துவிட்டது. பன்றிகளை யாரும் கூப்பிடவில்லை.

"கணுக்கால் தண்ணி! கணுக்கால் தண்ணி! பன்னியள இன்னும் கூப்பிடல!" என்று முத்துப்பேச்சி தினமும் கத்தினாள். அரசர் தூங்கும் பாறை வரைக்கும் அது கேட்டது. அரசருக்கு மனசு சங்கடமாகிவிட்டது.

"என்னைப் பற்றி இப்படிப் பேசுகிறாளே" என்றது சிங்கம்.

"உங்களைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை அரசே, குளத்தைப் பற்றித்தான் பேசுகிறாள்" என்றது செய்தித் துறையைக் கவனித்துவந்த நரி.

"அதுதான் இன்னும் மோசம்!"

நரி தாடையைச் சொறிந்தது. "அரசே, தூர் வாரினால் ஒரு குளம்தான் நிறையும். செய்தி வாசித்தால் எத்தனை குளம் வேண்டுமானாலும் நிறையும். குளப்பங்கை என்னிடம் விடுங்கள், அந்தக் குருவியையே அப்படி வாசிக்க வைக்கிறேன்."

ஆள்காட்டி புழு பூச்சி தின்கிற ஜாதி, அவளுக்குத் தினை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நரி அதற்கும் வழி வைத்திருந்தது. குளப்பங்குத் தினையை ஒரு பொந்தில் போட்டு மூடிப் புழுங்கவிட்டது. சில நாளில் தினை கெட்டு, அதில் கொழுகொழுவென்று புழு வைத்தது. காட்டு ஜனங்கள் வியர்வை சிந்திச் சேர்த்ததைக் கெடவிட்டு, கெட்டதில் வந்த புழுவைச் சம்பளமாகத் தரும் இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக நரிக்கு அரசர் ஒரு விருதும் கொடுத்தார். புழுவை வாழை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு நரி குளக்கரைக்குப் போனது.

"நீ எப்போதும்போலச் செய்தி சொல்லம்மா. நடுவில் இந்த ஒரு வரியை மட்டும் சேர்த்துக்கொள். விளம்பரம்தான். 'அரசர் அருளால் குளம் கரை தட்டுது.'"

"கரை வரைக்கும் தண்ணி வரலையே, எங்க தட்டுது?"

"விளம்பரத்தில் யாராவது அதெல்லாம் பார்ப்பார்களா?"

முத்துப்பேச்சியின் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அவள் இலையை வாங்கிக்கொண்டாள்.

முதல் வாரம் அவள் ரொம்ப நேர்மையாகத்தான் இருந்தாள். "கணுக்கால் தண்ணி! அரசர் அருளால் குளம் கரை தட்டுது! இது விளம்பரம்!" என்று மூன்றையும் சொன்னாள். அடுத்த வாரம் மூச்சு வாங்குகிறது என்று 'இது விளம்பரம்' என்பதை விட்டாள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று நரி வருத்தப்பட்டதால் 'கணுக்கால் தண்ணி'யையும் விட்டாள்.

ஆவுடை சேற்றிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏட்டி முத்துப்பேச்சி, கரை தட்டுதுன்னு சொல்லுதியே, எந்தக் கரைட்டி? என் முதுகே நனையலையே!"

"நான் என்னக்கா செய்ய? புள்ளையெல்லாம் பசில நிக்கி."

"என் உசுரு போகுதுட்டி. நீ நெசத்தச் சொன்னாத்தான நாலு பேரு போயி அரசர்கிட்ட கேப்பாக?"

"நாளைக்கிச் சொல்லுதேங்க்கா" என்றாள் முத்துப்பேச்சி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நாளைக்கும் குளம் கரை தட்டியது.

குளத்துக்கு வந்த மான்கள் வெறும் சேற்றைப் பார்த்தன. பார்த்துவிட்டு, 'நாம் தப்பான குளத்துக்கு வந்துவிட்டோம் போலிருக்கிறது' என்று சொல்லித் திரும்பிப் போயின. அந்தக் காட்டில் வேறு குளமே கிடையாது. ஆனாலும் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டது தினமும் வருகிறதே, அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

வேறு வழியில்லாமல் ஆவுடை மனுவோடு கிளம்பினாள். நரியின் குகைக்கு முன் நீண்ட வரிசை. எல்லோரும் குளம் நிறைந்ததற்கு நன்றி சொல்ல வந்தவர்கள். நன்றி சொன்னால் ஒரு மாங்கொட்டை கொடுத்தார்கள். குறை சொல்ல வந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்குத் தனி வரிசை, அதில் ஆளே இல்லை. இருந்தும் கடைசியில்தான் கூப்பிட்டார்கள்.

"ஐயா, குளத்துல தண்ணி இல்ல. பன்னியளக் கூப்பிடுங்க."

நரி அன்பாகச் சிரித்தது. "அம்மா, குளம் நிறைந்திருப்பதாகச் செய்தி வந்துவிட்டது. இப்போது தூர் வாரினால் அந்தச் செய்தி பொய் என்றாகிவிடும். பொய்ச் செய்தி பரப்புவது இந்தக் காட்டில் பெரிய குற்றம். பாவம், உங்கள் பக்கத்து வீட்டுக் குருவிக்குத்தான் தண்டனை கிடைக்கும். அவளுக்குப் பிள்ளைகள் இருக்கின்றன, யோசித்துப் பாருங்கள்."

ஆவுடை யோசித்துப் பார்த்தாள். அவளுக்குக் கோபத்தில் ஓடே கொதித்தது. திரும்பி நடந்து குளத்துக்கு வந்தபோது சேறும் வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் இறங்கி, ஈரம் தட்டுகிற இடத்தில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டாள். சாகப்போகிறோம் என்றே நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அரசருக்கு ஓர் ஆசை வந்தது.

"என் பெயர் எல்லோர் காதிலும் விழுகிறது. என் முகம் யார் கண்ணிலும் விழவில்லையே?"

காட்டில் படம் எடுக்கக் கருவி ஏது? தண்ணீர்தான் படம். அரசர் குனிந்து நிற்க, தண்ணீரில் முகம் விழ, ஜனங்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். நரி ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னது. அரசர் குனிந்தார். ஒரு மூக்குத் துவாரம் மட்டும் தெரிந்தது.

"இதுதான் நானா?" என்றார் அரசர்.

ஒரு பாறைக்குழியில் ஊற்றிப் பார்த்தார்கள். முகம் வந்தது, பிடரி வரவில்லை. பிடரி இல்லாத அரசரைப் பார்த்து முயல்குட்டி ஒன்று, "யாரும்மா இந்த நாயி?" என்று கேட்டுவிட்டது. அரசர் மூன்று வேளை சாப்பிடவில்லை. முயல்களுக்கு அது நல்ல காலம்.

"பிடரியோடு முழு முகமும் விழ வேண்டும் என்றால் குளமே நிறைய வேண்டும்" என்றது நரி. குளப்பங்கிலிருந்து யானைகளுக்குக் கிழங்கு கொடுத்தது. யானைகள் வரிசையாக ஆற்றுக்குப் போய், தும்பிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து குளத்தில் கொட்டின. தூர் வாராத குளம், ஆழமே இல்லை. அதனால் சீக்கிரமே கரை தட்டிவிட்டது. "பார்த்தீர்களா, தூர் வாராததால் எவ்வளவு மிச்சம்!" என்று நரி பெருமைப்பட்டுக்கொண்டது.

வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கியதும் ஆவுடை கண்ணைத் திறந்தாள். மேலே நீந்தி வந்தாள். குளம் நிஜமாகவே நிறைந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை, நீரில் மல்லாந்து காலை ஆட்டினாள். கரையில் முத்துப்பேச்சி திகைத்துப்போய் நின்றாள். அவள் சொன்னது உண்மையாகிவிட்டது. அதைச் சொல்லவும் அவளிடம் அதே விளம்பர வரிதான் இருந்தது.

மிருகங்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடி வந்தன.

"நில்லுங்கள்! குடிக்கக் கூடாது!" என்று நரி கத்தியது. "இது தண்ணீர் இல்லை, அரசர் படம். ஆளாளுக்கு வாய் வைத்தால் அரசர் முகம் கலங்கிவிடும். வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போங்கள்."

மிருகங்கள் வரிசையாக வந்தன. குளம் முழுக்க அரசர் முகம். பிடரி கரைக்குக் கரை பரவியிருந்தது. தாகத்தோடு பார்த்தன, கும்பிட்டன, போயின. தாய்மான் ஒன்று மட்டும் குட்டியிடம், "அரசர் காது ஓரமா ஒரு வாய் நக்கிக்கோ, யாரும் பாக்கல" என்றது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஆமை என்றால் மூச்சு விட வேண்டுமே. ஆவுடை அடியில் இருந்தபடி எவ்வளவு நேரம்தான் தம் பிடிப்பாள்? மேலே வந்து தலையை நீட்டினாள். சரியாக அரசரின் மூக்கு நுனியில்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசர் மூக்கில் ஒரு மரு முளைத்திருந்தது. அது கண்ணை வேறு சிமிட்டியது.

"எடு அதை!" என்று அரசர் கர்ஜித்தார். கர்ஜித்ததில் அலை எழும்பி முகம் கோணியது. அதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

நரி கரையோரம் குனிந்து கெஞ்சியது. "அம்மா, தயவுசெய்து மூச்சு விடாதீர்கள்."

"மூச்சு விடாம எப்படிய்யா இருக்க?"

"அப்படியானால் கொஞ்சம் இடது பக்கமாக விடுங்கள்."

"எடது பக்கம் அவரு கண்ணுல்லா இருக்கு!" என்றாள் ஆவுடை. அவள் சொன்னது நியாயம்தான். குளம் முழுக்க அரசர் முகம் இருக்கும்போது குடியிருக்கிறவள் எங்கேதான் தலையை நீட்டுவாள்? ஆனால் அந்த நொடியில் அவளுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை நாள் காலைப் பிடித்துக் கெஞ்சியும் திரும்பிப் பார்க்காதவர்கள் இப்போது அவள் மூச்சு விடும் இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அவள் இடது பக்கம் போகவில்லை. நடு மூக்கிலேயே நின்று நன்றாக மூச்சு விட்டாள்.

அன்றைக்கே காட்டுப்பன்றிகளுக்கு ஆள் போனது. மிச்சமிருந்த குளப்பங்கு முழுவதையும், புழுவைத்ததையும் சேர்த்து, முன்பணமாகவே கொடுத்தார்கள். பன்றிகள் முகம் சுளிக்காமல் தின்றன. பன்றிக் கூட்டத்தின் தலைவர் மாடசாமி ஏப்பம் விட்டபடி கேட்டார்.

"என்ன வேலைன்னு சொல்லுங்க."

"இந்த ஆமையைப் பிடித்து வெளியே போட வேண்டும்."

"எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதான். பன்னியக் குளத்துல எறக்குனா தோண்டும்."

"எதையாவது செய்யுங்கள், ஆமை வந்தால் போதும்."

தண்ணீரில் ஆமையைப் பிடிக்க முடியாது, முதலில் தண்ணீரை வடிப்போம் என்று மாடசாமி கரையில் ஒரு முட்டு முட்டினார். கரை உடைந்தது. அரசரின் முகம் முதலில் கோணியது, பிறகு நீண்டது, பிறகு பிடரி, காது, மூக்கு, மரு எல்லாமாக உடைப்பு வழியே வெளியேறிச் சரிவில் ஓடத் தொடங்கியது. மருவாகிய ஆவுடை அலையில் உருண்டு, பாறையில் மோதி, சரிவில் வறண்டுகிடந்த பழைய ஓடை வழியே கீழே கீழே போய், தன் ஆயுசில் நடந்து சேர முடியாத ஆற்றில் தொப்பென்று விழுந்தாள்.

ஆமை போனது பன்றிகளுக்குத் தெரியாது. வாங்கிய கூலிக்கு அவை குளம் முழுக்கத் தேடின. மூக்கால் முட்டித் தள்ளி, அடிவரைக்கும் தோண்டின. காட்டில் அதற்கு முன் அப்படி ஒரு தூர் வாரல் நடந்ததே இல்லை. ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் பொங்கியது. உடைந்த கரை வழியே அப்படியே ஓடையில் இறங்கியது.

நரி முத்துப்பேச்சியிடம் ஓடியது. "சீக்கிரம் ஏதாவது சொல்!"

"என்னன்னு சொல்ல?"

"அரசரின் முகம் கடைக்கோடி வரை போய்ச் சேர்ந்தது என்று சொல்!"

அவள் சொன்னாள். மிருகங்கள் கேட்டன, மரியாதையாக ஓடையைத் தொடர்ந்து இறங்கின, வழியெல்லாம் வயிறு முட்டக் குடித்தன, அங்கங்கே கரையில் குடியேறிவிட்டன. அரசர் மட்டும் வறண்ட கரையில் நின்று குனிந்து பார்த்தபடியே இருந்தார். குளப்பங்கு கொடுக்க இனி அந்த மேட்டுக் காட்டில் யாருமில்லை.

முத்துப்பேச்சி போகவில்லை. புழு தின்று தின்று அவள் குஞ்சுகள் நடக்க முடியாத அளவுக்குக் கொழுத்திருந்தன. விளம்பரத்துக்கு முன்கூட்டியே வாங்கிய புழுவும் இன்னும் தீரவில்லை. விடிந்ததும் உடைந்த குளத்துக்கு மேல் பறந்து, "அரசர் அருளால் குளம் கரை தட்டுது!" என்று கத்தினாள். பக்கத்திலேயே ஓடை ஓடியது. அதை அவள் சொல்லவில்லை. அது விளம்பரத்தில் இல்லை.

காற்று திரும்பும் நாளில் அந்தக் குரல் ஆறு வரை வரும். ஆவுடை தலையை நீட்டிக் கேட்பாள். அந்தக் குரல் கம்மிப்போயிருப்பதைக் கேட்க அவளுக்கு அழுகை வரும்.

"ஏட்டி, கத்துனது போதும், எறங்கி வந்து ஒரு வாய் தண்ணி குடிட்டி!" என்று கூப்பிடுவாள். கத்திக்கொண்டிருக்கும் முத்துப்பேச்சிக்கு அது கேட்கவே கேட்காது.

இந்தக் கதையால் நாம் பெறும் நீதி: உங்கள் குளத்தைத் தூர் வார வேண்டுமானால் அரசரிடம் மனுக் கொடுக்காதீர்கள். அவர் படத்தில், சரியாக மூக்கின் மேல், தலையை நீட்டுங்கள்.